கைகாட்டியும் இரண்டு பச்சைக் கதவுகளும்

“ஒரு பிள்ளை என் அறைக் கதவைத் தாண்டி நாலடி நடந்து வரட்டும், போதும். அது எந்த வேலைக்குப் பொறந்ததுன்னு சொல்லிடுவேன். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுகூடத் தப்பினதில்லை!”

பள்ளி அரங்கில் பத்தாம் வகுப்பின் பெற்றோர்கள் திரண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, தொழில் வழிகாட்டி ஆசிரியர் மேற்படி பிரகடனத்தைச் செய்தார். ஆண்டுதோறும் செய்வார். பெற்றோர்கள் ஆண்டுதோறும் புதியவர்கள் என்பதால் அது ஆண்டுதோறும் எடுபட்டது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கைகாட்டி. ஒரு பிள்ளை அறைக்குள் நுழைந்ததும் அவர் கண்களைச் சுருக்குவார், மூச்சை இழுப்பார், பிறகு வலக்கையை விறைப்பாக நீட்டி, “நீ... மருந்துக்கடை!” என்பார். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சாலை முக்கில் நின்று ஊருக்கெல்லாம் வழி சொல்லும் பலகைக்கும் கைகாட்டி என்றுதான் பெயர். அந்தப் பலகை தான் சொல்லும் எந்த ஊருக்கும் போனதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் பிள்ளைகள் பெயர் வைத்தார்களா என்று தெரியாது. பிள்ளைகள் விஷயத்தில் நல்லதையே நினைப்போம்.

அவருடைய முறை அறிவியல் பூர்வமானது. கதவைத் தட்டிவிட்டு வருகிற பிள்ளை அலுவலகத்துக்கு. தட்டாமல் வருகிற பிள்ளை கடைக்கு. கதவிலேயே முட்டிக்கொள்கிற பிள்ளை வண்டி பழுதுபார்க்கும் இடத்துக்கு. உள்ளே வந்தும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை மட்டும் அவருக்குப் பிடிக்காது. “கனவு காண்றவனுக்கு எங்க போய் இடம் கேக்கறது?” என்று அலுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு பூச்செடிப் பண்ணையைப் பிடித்து வைத்திருந்தார். அங்கே செடிகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தன, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தப்பினதில்லை என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. கணக்கு வைக்கும் விதத்தில்தான் சூட்சுமம். விமானம் ஓட்டுவான் என்று அவர் கைகாட்டிய ஒருவன் பலமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தான். “மேலேயும் கீழேயும் போறானா இல்லையா?” என்றார் கைகாட்டி. வங்கிக்கு என்று சொன்னவன் வங்கிக்கு எதிரே பூட்டுக்கடை வைத்தான். “ரெண்டும் அடுத்தவன் பணத்துக்குக் காவல்தானே?” இந்தக் கணக்கில் தப்ப வேண்டுமானால் ஒருவன் பிறக்காமலே இருந்திருக்க வேண்டும்.

அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே அவர் பிழைப்பு.

“ஏங்க, எல்லாரையும் நடக்கவிட்டுப் பார்க்கறீங்களே, நீங்க அந்த ரூமுக்குள்ள நடந்து போனப்போ யாருங்க பார்த்தா?”

“என்னை யாரு பார்க்கணும்? நான் இந்த நாற்காலிக்குன்னே பொறந்தவன்.”

“உங்க கண்ணை நான் சோதிச்சிருக்கேன். எட்டத்துல இருக்கிறது பளிச்சுனு தெரியும். கிட்டத்துல இருக்கிறதுதான் கொஞ்சம் மங்கல்.”

கைகாட்டி கையிலிருக்கும் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் எட்டத்தில் பிடித்துக்கொள்வார். உண்மை என்னவென்றால், அவர் புவியியல் ஆசிரியராக வந்தவர். ஒரு வருஷம் புவியியலையும் வரலாற்றையும் ஒரே பாடமாக்கினார்கள். பாடம் ஒன்று, வாத்தியார் இரண்டு. வரலாற்றுக்காரர் முந்திக்கொண்டார். மிச்சமிருந்தவரைப் பார்த்துத் தலைமையாசிரியை, மாடிப்படிக்குக் கீழே இருந்த காலி அறையைக் கைகாட்டினார். அவர் நடந்த நடையை யாரும் கவனிக்கவில்லை. நிலவரைபடங்கள் சுருட்டப்பட்டு அலமாரிக்கு மேலே போயின. அவற்றின்மேல் தூசி படிந்து, அதுவும் ஒருவகை நிலப்பரப்பாகிவிட்டது.

ஆனால் அந்த அறையை அவர் நேசித்தார். குறிப்பாக வேலை வாரத்தை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாரம் புத்தகத்தை மூடிவிட்டு, கடைக்கும் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் போய் வேலை பழக வேண்டும். அதற்கு இடம் பிடிப்பதும், பிள்ளைகளைப் பொருத்துவதும், வாரம் முழுக்க ஊரைச் சுற்றி எட்டிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. அந்த வாரம் போய்விட்டால் தேர்வறையில் நின்று பிள்ளைகளின் பின்னந்தலையைக் கண்காணிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது.

அந்த வாரத்தின்மேல்தான் தலைமையாசிரியை கண் வைத்தார்.

“சார், இந்த வருஷம் ஒரே ஒரு இடம் காலியாக் கிடந்தாலும் சரி, அடுத்த வருஷத்துலேர்ந்து வேலை வாரத்துக்கு முழுக்குப் போட்டுட்டு சிறப்பு வகுப்பு வச்சிடுவேன்.”

“காலியா? என் கையாலயா?” என்று சிரித்துவிட்டு வந்தார் கைகாட்டி. சிரிப்பு மாடிப்படி வரைக்கும்தான் தாங்கியது.

திங்கள்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. எதிர்முனையில் சலவைக்கூடத்தின் அக்கா. பெரிய விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுத்துக் கொடுக்கும் கூடம் அது. அதை நடத்துகிற பெண்மணியைச் சின்னவர், பெரியவர், சோப்பு விற்க வருகிறவர் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா கைகாட்டியின் பழைய மாணவி. வெறும் மாணவியில்லை, அவருடைய மேடைப்பேச்சின் மணிமகுடம். “இப்ப சலவைக்கூடத்தையே நடத்துதே, அந்தப் பொண்ணு அன்னிக்கு என் ரூமுக்குள்ள எப்படி வந்துச்சு தெரியுமா? வாசல்ல தொங்கின திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்துச்சு. பார்த்தேன். கையை நீட்டினேன். துணி! அங்கதான் அனுப்பினேன். போனவ திரும்பி வரவே இல்லை!” இந்த இடத்தில் பெற்றோர்கள் நிச்சயம் கைதட்டுவார்கள்.

“சார், உங்க பையன் இன்னும் வரலையே?” என்றார் அக்கா.

“வருவாம்மா. வழியில இருப்பான்.”

வழியில் இல்லை. பையனுடைய அப்பா அதற்கு முன்பே பேசியிருந்தார். “என் பையன் கண்டவன் படுத்த பெட்ஷீட்டைத் தூக்கவா? அவனை அவங்க அத்தை ஆபீஸுக்கு அனுப்பிட்டேன் சார். ஏசி இருக்கு.”

அக்கா விடவில்லை. “சார், இங்க சரக்கு மலை மாதிரிக் கிடக்கு. ஆள் வரும்னு நம்பி ஒருத்தருக்கு லீவு கொடுத்துட்டேன். ஆள் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. உங்க பெரிய டீச்சர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

“ஐயோ, அவங்களை ஏம்மா தொந்தரவு பண்ற? ஆள் இதோ கிளம்பியாச்சு!”

தொலைபேசியை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு அலமாரி, ஒரு குடை. குடையை அனுப்ப முடியாது.

சலவைக்கூடம் ஆற்றோரத் தெருவின் கடைசியில் ஒரு பழைய கட்டிடத்தில் இருந்தது. கட்டிடத்துக்கு இரண்டு கதவுகள், பக்கத்தில் பக்கத்தில். கட்டிடக்காரர் ஒரே டப்பா பெயின்டில் இரண்டையும் முடித்திருந்தார், அதே பச்சை. வலப்பக்கம் பல் மருத்துவமனை. இடப்பக்கம் சலவைக்கூடம். பலகைகள் உண்டு, ஆனால் சலவைக்கூடத்தின் நீராவி பட்டுப் பட்டு இரண்டிலும் எழுத்து உதிர்ந்துபோய், எது பல் எது துணி என்று அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரியும்.

கைகாட்டி இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

முதலில் வெதுவெதுப்பு வந்தது. மழைநாளில் போர்வைக்குள் புகுந்ததுபோல் அது அவரைச் சுற்றிக்கொண்டது. பிறகு வெள்ளை. கூரையிலிருந்து வெள்ளை தொங்கியது, மேசைகளில் வெள்ளை குவிந்திருந்தது, நீராவியாய் வெள்ளை மிதந்தது. வட்டக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வெள்ளை புரண்டு புரண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் முனகின. யாரோ பக்கத்து அறையில் தாலாட்டுப் பாடப் போய், வார்த்தை மறந்துபோய் ‘ம்’ என்பதையே பாடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“கதவைச் சாத்துங்க, சூடு போகுது!” என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல். நீராவியை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். இடுப்பில் கைவைத்து, வந்திருந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆள் எங்க சார்?”

“நான்தாம்மா ஆள்.”

அக்கா சிரிக்கவில்லை. ஒரு மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். “மாட்டிக்குங்க தம்பி.”

“தம்பியா?”

“இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க சார். இந்தப் பக்கம் முதல் வாரம் யார் வந்தாலும் தம்பி, இல்லைன்னா பாப்பா. பேரெல்லாம் ரெண்டாவது வாரத்துலதான். பாதிப் பேர் ரெண்டாவது நாளே ஓடிடறாங்க. எத்தனை பேரைத்தான் ஞாபகம் வச்சுக்கறது?”

தலை நரைத்த தம்பி மேலங்கியை மாட்டிக்கொண்டார். அது பதினைந்து வயதுக்குத் தைத்தது. பொத்தான்கள் பிரிந்த உறவினர்களைப்போல் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டன.

அவரை மடிப்பு மேசையில் சித்தியோடு ஜோடி சேர்த்தார்கள். சித்தி என்பவர் எல்லாருக்கும் சித்தி, யாருடைய சித்தி என்று அவருக்கே நினைவில்லை. பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று நான்கு முனைகளைப் பிடிக்க வேண்டும். ஒரு உதறு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். ஒருவர் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ள, மற்றவர் குனிந்து கீழ்மடிப்பைப் பிடித்துப் பின்வாங்க வேண்டும். மறுபடி நடந்து வர வேண்டும். இதற்கு அந்தக் கூடத்தில் இரண்டே கட்டளைகள். சித்தி அவற்றைப் பாட்டுப்போல் சொன்னார்: “வா... போ... வா... போ...”

முதல் விரிப்பில் கைகாட்டி ‘வா’வுக்குப் போனார், ‘போ’வுக்கு வந்தார். விரிப்பு தரையைப் பெருக்கியது.

“நடக்கத் தெரியுமா தம்பி உனக்கு?” என்றார் சித்தி.

அடுத்தவர் நடையைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவரிடம் இப்படி ஒரு கேள்வி. கைகாட்டி அடுத்த ‘வா’வுக்கு வந்தார்.

மத்தியானத்துக்குள் கால் பழகிவிட்டது. வா, போ. விரிப்பு காற்றை வாங்கி உப்பி, அவருக்கும் சித்திக்கும் நடுவே ஒரு மேகமாக நின்று, மெல்லத் தாழ்ந்தது. மேகத்துக்கு அந்தப் பக்கம் சித்தி மறைந்தார், தோன்றினார், மறைந்தார். ஒருமுறை விரிப்பு தாழ்ந்தபோது எதிரே சித்தி இல்லை, ஒரு கடற்கரை இருந்தது. அவர் சின்ன வயதில் வரைபடத்தில் விரல் வைத்துப் போய்வந்த கடற்கரை. வாழ்நாளில் கண்ணால் பார்க்காத அந்த இடத்தில் அலை வந்தது, போனது, வந்தது, போனது.

“தம்பி! முனையை விட்டுட்டு எங்க பார்க்கற?”

“இங்கதான் சித்தி.”

“இங்க இருக்கற மூஞ்சியா அது?”

செவ்வாய்க்கிழமை அக்கா அவரைக் கறை பார்க்கும் மேசைக்கு மாற்றினார். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் தலையணை உறைகளை ஒவ்வொன்றாக விரித்து, கறை தங்கியிருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக்கு அனுப்ப வேண்டும். கண்ணுக்குத்தான் வேலை. தம் கண்ணைப் பற்றி ஊரறிந்த அபிப்பிராயம் உள்ளவர் என்பதால் கைகாட்டி கம்பீரமாக உட்கார்ந்தார்.

முதல் கறை ஒரு தீபகற்பம். பழுப்பு நிறம், கிழக்கே வளைந்து, நுனியில் ஒரு சின்னத் தீவோடு. காபியாக இருக்கலாம். கைகாட்டி அதை வெகுநேரம் பார்த்தார். மேற்குக் கரையில் துறைமுகத்துக்குத் தோதான ஒரு வளைவு இருந்தது. அங்கே மழை எப்போது வரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மலைச்சரிவில் என்ன பயிராகும் என்று மனசு தானாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாக வாய்திறக்காத புவியியல் வாத்தியார் உள்ளே தொண்டையைக் கனைத்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதற்குள் கைகாட்டியின் கை, பழக்கதோஷத்தில், அந்த நாட்டை மடித்து நல்ல உறைகளோடு அனுப்பிவிட்டது.

அடுத்த உறையில் ஒரு ஏரி. அதற்கடுத்ததில் நதி ஒன்று மூன்றாகப் பிரிந்து கடலில் கலந்தது. எல்லாம் தேர்ச்சி பெற்று மடிப்பு மேசைக்குப் போயின.

“யாரு இதையெல்லாம் பாஸ் பண்ணது?” என்று அந்தப் பக்கத்திலிருந்து சித்தி கத்தினார். “இந்தக் கறைல ஆளே குடியிருக்கலாம் போலிருக்கு!”

“அதுலதான் சித்தி நான் இருந்தேன்” என்றார் கைகாட்டி.

கூடம் முழுக்கச் சிரித்தது. சலவை எந்திரம் ஓட்டுகிறவர், அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாமல், என்ன விஷயம் என்று சைகையில் கேட்டு, சைகையில் விளக்கம் வாங்கி, கடைசியாக அவரும் சிரித்தார். கைகாட்டிக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. அவரே எதிர்பார்த்துக் காத்திருந்தார், வரவே இல்லை.

வீட்டுக்குப் போனால் உடம்பெல்லாம் சோப்பு வாசனை.

“என்னங்க, ஊரைச் சுத்திப் பார்க்கற வேலைக்கு இவ்வளவு வெளுத்துப்போயி வர்றீங்க?” என்றார் மனைவி.

கைகாட்டி படுக்கையறைக்குப் போய், கொடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த விரிப்பின் இரண்டு முனைகளை மனைவியின் கையில் கொடுத்தார். “வான்னா வரணும், போன்னா போகணும்.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்” என்றார் மனைவி. ஆனாலும் வந்தார், போனார். விரிப்பு உப்பித் தாழ்ந்தபோது அந்தப் பக்கம் அவர் முகத்தில் ஒரு புதுச் சிரிப்பு இருந்தது. “ஏங்க, எங்கங்க போறீங்க தினமும்?” கைகாட்டி சொல்லிவிட்டார். மனைவி பார்வை சோதிக்கும்போது பார்ப்பதுபோல் அவர் கண்ணைக் கிட்டே வந்து பார்த்தார். “கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிதான் இருக்கு” என்றார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், உலர்த்தும் எந்திரத்தின் வெதுவெதுப்பான முதுகில் சாய்ந்துகொண்டு கைகாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. எந்திரங்கள் ஓய்ந்த நேரம். துணிக்குவியல்கள் மூச்சுவிடுவதுபோல் மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் மனுஷனுக்குப் பெருமை பேசத் தோன்றும்.

“அன்னிக்கு நான் மட்டும் அந்தத் திரைச்சீலையைக் கவனிக்காம இருந்திருந்தா, நீ இப்ப எங்கம்மா இருந்திருப்ப?”

“எந்தத் திரைச்சீலை சார்?” என்றார் அக்கா. மேலங்கி மாட்டிய பிறகு முதன்முறையாக ‘சார்’ வந்தது. அது நல்ல சகுனமாகக் கைகாட்டிக்குப் படவில்லை.

“என் ரூம் வாசல்ல... நீ தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்தியே...”

“ஐயோ, அதுவா? என் கையெல்லாம் மை சார். பேனா கசிஞ்சிடுச்சு. நீங்க பார்க்கலைன்னு அதுல தொடைச்சுட்டு வந்தேன். பார்த்துட்டீங்களா?” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, பதினைந்து வயதுப் பெண்ணாகிச் சிரித்தார்.

“சரி, அது இருக்கட்டும். பார்த்து, துணின்னு கைகாட்டினேனா இல்லையா?”

“துணியா? நீங்க ‘பல்’லுன்னீங்க சார்.”

“பல்லா?”

“சிரிச்சுக்கிட்டே வந்தேனாம். கையை நீட்டி, ‘நீ... பல்!’ன்னீங்க. பல் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினீங்க. நான் வந்தேன். ரெண்டு கதவும் பச்சை. ஒண்ணைத் திறந்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. பல் டாக்டர் இவ்வளவு துணி ஏன் வச்சிருக்காருன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். யாரோ, ‘பாப்பா, அந்த முனையைப் பிடி’ன்னாங்க. பிடிச்சேன். மத்தியானம்தான் இது வேற இடம்னே தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் போக மனசு வரலை.”

“ஆனா உன் வேலையைப் பத்தின அறிக்கை சலவைக்கூடத்துலேர்ந்துதானே வந்துச்சு!”

“வேலை பார்த்த இடத்துலேர்ந்துதானே சார் வரும்?”

“அந்தப் பல் டாக்டர் ஏன் ஒண்ணுமே கேக்கலை?”

“ஆள் வரலைன்னு அவர் நிம்மதியா இருந்தாராம். பின்னாடி ஒரு தடவை பல்லு பிடுங்கப் போனப்போ சொன்னாரு.”

கைகாட்டி உலர்த்தும் எந்திரத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். தலைக்குள் அரங்கம் ஒன்று தெரிந்தது. ஆண்டுதோறும் வந்த பெற்றோர்கள் அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. லிஃப்ட் இயக்குகிறவன் மேலே போனான், கீழே வந்தான், அவரைப் பார்த்துக் கேட்டான்: “இது விமானமா சார்?” பூட்டுக்கடைக்காரன் ஒரு பூட்டை நீட்டி, வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னான். மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியாக, கையில் சுருட்டிய வரைபடத்தோடு, நடுவயதுக்காரர் ஒருவர் நடந்து போனார். அவர் நடையை வைத்து எதையுமே சொல்ல முடியவில்லை.

“தூங்கிட்டீங்களா தம்பி?” என்றார் அக்கா. சார் போய்த் தம்பி திரும்பியிருந்தது. கைகாட்டிக்கு அது ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கப்படி வேலை பழகியவருக்குத் தீர்ப்பு. இதுவரை பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்புகளைக் கேட்டு வாங்கிப் போனவர், மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

“வேலை சுத்த மோசம்” என்றார் அக்கா. “இந்த வாரம் போன சரக்குல பாதி திரும்பி வந்துடுச்சு. ஒரு விடுதிக்காரர், ‘தலகாணி உறை கேட்டா தேசப்படம் அனுப்பறீங்களே’ன்னு போன்ல கத்தறாரு. கண் பார்வை சரியில்லை, கவனம் சரியில்லை, வான்னா ஒரு நொடி லேட்டாத்தான் வர்றீங்க.”

“தெரியும்மா.”

“ஆனா, நாளைக்கு வரமாட்டியேன்னு இருக்கு” என்றார் சித்தி நடுவில் புகுந்து. “இத்தனை வருஷத்துல, கறையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நீதான் தம்பி.”

அக்கா ஒரு தலையணை உறையை அவர் கையில் திணித்தார். பழுப்புத் தீபகற்பம், நுனியில் தீவு. “மூணு தடவை வெளுத்தாச்சு, போகலை. பாஸ் பண்ணது நீங்கதானே, நீங்களே வச்சுக்குங்க.”

“அடுத்த வருஷமும் இங்க இடம் உண்டாம்மா?”

“உண்டு. யாரை வேணா அனுப்புங்க. இதுக்குன்னே பொறந்தவங்களாப் பார்த்து மட்டும் அனுப்பாதீங்க.”

திங்களன்று தலைமையாசிரியை கேட்டார்: “சலவைக்கூடத்துப் பையன் வரலைன்னாங்களே, கடைசில யாரு போனது?”

“வேற ஒரு பையன் டீச்சர். புதுசு.”

“எப்படியாம்?”

“வேலை மோசம். ஆனா முழு வாரமும் போயிட்டான்.”

இடம் எதுவும் காலியில்லை. தலைமையாசிரியை சிறப்பு வகுப்புத் திட்டத்தைப் பெருமூச்சோடு உள்ளே வைத்தார். வேலை வாரம் பிழைத்தது.

அடுத்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் கைகாட்டி மேடையேறினார். ஒலிபெருக்கி வழக்கம்போல் அலறியது. அவர் வாயைத் திறந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு அப்பா தட்டுவதற்குத் தயாராகக் கையை மேலே தூக்கியிருந்தார். “பிள்ளைங்க காலையில நேரத்துக்குப் போகணும், மழையா இருந்தா குடை எடுத்துக்கணும்” என்றார் கைகாட்டி. இறங்கிவிட்டார். அந்த அப்பா தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

பிள்ளைகளைப் பொருத்தும் நாளும் வந்தது. அறைக்கு வெளியே வரிசை. உள்ளே வந்த ஒவ்வொரு பிள்ளையும், நடையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தது. நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர் ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் அங்கே எப்போதும் இருந்ததுதான். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒரு தீபகற்பம் வரைந்த தலையணை உறை நீண்டது.

“கையை விட்டு ஒரு சீட்டு எடுத்துக்கோ. அதுல எழுதியிருக்கற இடம்தான் உனக்கு.”

“என்னைப் பார்க்கவே இல்லையே சார்?”

“எடுத்துக்கோப்பா. பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

வேலை வாரம் நடந்தது. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒரு அப்பா தொலைபேசியில் கத்தினார். பூச்செடிப் பண்ணைக்குப் போனவன் அங்கேயே தூங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. நாலைந்து பேருக்குப் பிடித்துப்போய்விட்டது. மற்றவர்கள் பரவாயில்லை என்றார்கள். தலைமையாசிரியை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லா வருஷம் மாதிரியேதான் சார் இருக்கு. உங்க கை ராசி அப்படி.”

“ஆமாம் டீச்சர். எல்லா வருஷம் மாதிரியேதான்” என்றார் கைகாட்டி.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், பல் மருத்துவமனைக்கு வாய்த்த பிள்ளை எப்படி வேலை பழகுகிறது என்று எட்டிப் பார்க்கக் கிளம்பினார். ஆற்றோரத் தெரு, கடைசிக் கட்டிடம். இரண்டு பச்சைக் கதவுகள். வாசலில் கொஞ்ச நேரம் நின்று, உதிர்ந்த எழுத்துகளைப் படிக்கிறவர்போல் கண்ணைச் சுருக்கினார். பிறகு நிதானமாக நடந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். வெதுவெதுப்பு வந்து கன்னத்தைத் தொட்டது. உள்ளே ஒரு மேகம் உப்பி, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தை யாரும் பிடித்திருக்கவில்லை.

“யாரு?” என்றது சித்தியின் குரல்.

“மன்னிக்கணும்” என்றார் கைகாட்டி, கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டே. “பல் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கதவு தப்பிடுச்சு.”

“தப்பினா என்ன தம்பி” என்றார் சித்தி. “அந்த முனையைப் பிடி.”